இரண்டு தாத்தா, ஒரு கட்டம்

"அப்பா, பாட்டியோட அப்பா பேரு என்ன?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் கேட்ட கேள்வி இது. சாப்பாட்டு மேசை முழுக்க மணிலா கார்டை விரித்துப் போட்டிருந்தாள். நான்காம் ஆண்டு படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்குக் குடும்ப மரம் வரைந்துகொண்டு போகவேண்டும். மலாயில் 'சாலாசிலா' என்பார்களே, அது. அடிக்கோல் வைத்துக் கட்டங்களை எல்லாம் முதலிலேயே போட்டுவிட்டாள். அடியில் அவளுக்கு ஒன்று. மேலே எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு. அதற்கு மேலே நான்கு. உச்சியில் எட்டு. அந்த எட்டில் ஐந்து காலியாகக் கிடந்தன.

நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"எந்த அப்பா?" என்று கேட்டார்.

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்களுக்கு எத்தனை அப்பா, பாட்டி?"

"ரெண்டு."

வாசகர்களே, எங்கள் வீட்டில் இந்த விஷயம் ரகசியம் அல்ல. ஆனால் யாரும் பேசியதும் இல்லை. அம்மா பிறந்தது 1941-இல், நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பெற்ற தகப்பன் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்தில் ஆள் பிடித்தபோது அவரையும் லாரியில் ஏற்றினார்கள். சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களில் எத்தனையோ பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே முடிந்துபோனார்கள். அவர்களில் அவரும் ஒருவர்.

போர் முடிந்து, கூடப் போனவர்களில் ஒரு சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். சாவுச் செய்தியைக் கொண்டுவந்தவர் அவர்களில் ஒருவர், பக்கத்து லயத்துக்காரர். மறுவருடம் அவரே அம்மாச்சியைக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. நான் தாத்தா என்று கூப்பிட்டதும், சனிக்கிழமை பசாருக்குப் போனால் எனக்கு அப்பம் பாலேக் வாங்கி வந்ததும் இவர்தான். சயாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ரயிலில் மட்டும் ஏறமாட்டார். கோலாலம்பூர் போவதென்றாலும் பஸ்தான்.

நம் நாட்டில் அடையாளக் கார்டு வந்தது 1948-இல், அவசரகாலத்தில். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் கார்டு எடுக்கக் கூட்டிக்கொண்டு போனவர் இந்தத் தாத்தா. பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்திலேயே தொலைந்துவிட்டது. அப்பா பெயர் என்ன என்று கிராணி கேட்டிருக்கிறார். தாத்தா தன் பெயரைச் சொன்னார். அந்தக் காலத்தில் 'டி/ஓ', பிறகு 'ஏ/பி'. அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் தாத்தாவின் பெயர் விழுந்தது. அதிலும் ஓர் எழுத்து குறைவாக விழுந்தது. எந்த அலுவலகம் என்பது இப்போது எதற்கு? எழுத்துக் குறைந்த அந்தப் பெயரைத்தான் எழுபது வருடமாக அம்மா எல்லாப் பாரத்திலும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒரு நாள், பழைய தோட்டத்துப் பக்கத்துத் தேவாலயத்துக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பங்குச் சாமியார் 1941-ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். லத்தீனில் எழுதியிருந்தது. தகப்பன் பெயர் என்ற இடத்தில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். அம்மா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "சரி, போகலாம்" என்றார். வழியில் வேறு எதுவும் பேசவில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

ஆக, இரண்டு காகிதம், இரண்டு அப்பா. இப்போது மூன்றாவதாக ஒரு மணிலா கார்டு.

இந்தச் சிக்கலைச் சிறுவயதிலேயே நான் கேட்டிருக்கிறேன், அப்போது புரியாமல். கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலைப் பூசையில் வாசிக்கவேண்டிய நற்செய்தி மத்தேயுவின் முதல் அதிகாரம். பினாங்கு ரோட்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயத்தில் அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆபிரகாமில் தொடங்கி, ஈசாக்கு, யாக்கோபு, யூதா என்று பெயர் மேல் பெயராக வரும். நீளமாக இருக்கிறது என்று சுருக்கி வாசிக்கவும் அனுமதி உண்டாம். எங்கள் சாமியார் சுருக்கமாட்டார். செருபாபேல் வந்தால் பாதிக்குமேல் முடிந்தது என்று பையன்களுக்குள் கணக்கு. வேதத்தைப் படிக்கிறவர்கள் எல்லோரும் தாண்டிப் போகும் பக்கங்கள் இவைதான். நாளாகமம் முதல் புத்தகத்தை எடுத்தால் முதல் ஒன்பது அதிகாரம் முழுக்கப் பெயர்ப்பட்டியல். ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அநேகமாக ஒவ்வொருவரும் பிறக்கிறார், பிள்ளை பெறுகிறார், சாகிறார். மெத்தூசலா 969 வருடம் வாழ்ந்தார் என்பது தவிர வேறு சுவாரசியம் கிடையாது என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் அம்மாவின் பழைய வேதப்புத்தகத்தை எடுத்து மத்தேயுவையும் லூக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் எண்ணிப் பார்த்தேன். மத்தேயு மேலிருந்து கீழே வருகிறார். லூக்கா கீழிருந்து மேலே ஏறி, ஆதாமையும் தாண்டிக் கடவுளில் போய் முடிக்கிறார். தாவீது வரை இரண்டும் அநேகமாக ஒத்துப்போகின்றன. தாவீதுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு கிளை. மத்தேயு அரசன் சாலமோன் வழியாக வருகிறார். லூக்கா தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியைப் பிடிக்கிறார். கடைசியில் யோசேப்பின் தகப்பன் யார் என்று பார்த்தால் மத்தேயு யாக்கோபு என்கிறார். லூக்கா ஏலி என்கிறார்.

இயேசுவுக்கு இரண்டு தாத்தா!

மூன்றாம் நூற்றாண்டிலேயே ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்பவர் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். யாக்கோபும் ஏலியும் ஒரே தாய்க்கும் வேறு வேறு தகப்பனுக்கும் பிறந்தவர்கள். ஏலி பிள்ளை இல்லாமல் செத்துப்போனார். அண்ணன் தம்பிகளில் ஒருவன் பிள்ளையில்லாமல் செத்தால் மற்றவன் விதவையைக் கட்டிக்கொண்டு, பிறக்கும் பிள்ளையைச் செத்தவன் பெயரில் வளர்க்கவேண்டும் என்பது யூதர் வழக்கம். அதன்படி யாக்கோபு ஏலியின் விதவையை மணந்தார், யோசேப்பு பிறந்தார். பெற்ற வகையில் யாக்கோபின் மகன், சட்டப்படி ஏலியின் மகன். இயேசுவின் உறவினர் வழியாக வந்த செய்தி இது என்றும் ஆப்பிரிக்கானுஸ் சொல்கிறார். அந்தத் தாயின் பெயர் எஸ்தா என்றும் குறித்து வைத்திருக்கிறார்.

இந்த விளக்கம் சரியா தவறா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். லூக்காவின் பட்டியல் மரியாளின் குடும்பத்துடையது என்று ஒரு கட்சி. மத்தேயு அரச உரிமையைச் சொல்கிறார், இரத்த வழியை அல்ல என்று இன்னொரு கட்சி. என்னை நிறுத்தியது அது இல்லை. திருச்சபை இரண்டு பட்டியலையும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றை அடித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்திருந்தால் எவ்வளவு வசதி! முரண்பாடு தெரிந்தே, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டாயிரம் வருடமாக இரண்டையும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். மத்தேயு ஆபிரகாமிலிருந்து இழுத்துக்கொண்டு வந்த அத்தனை தலைமுறையும் யோசேப்பிடம்தான் வந்து சேர்கிறது. அதுவரை இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்றே ஓடிவந்த வாக்கியம் அங்கே சட்டென்று திரும்பிக்கொள்கிறது. யோசேப்பை மரியாளின் கணவர் என்கிறார், இயேசு மரியாளிடம் பிறந்தார் என்கிறார். யோசேப்பு பெற்றவர் அல்ல, வளர்த்தவர். குழந்தைக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு மட்டும் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. பெயர் வைத்ததனால் அந்தப் பிள்ளை தாவீதின் குலமாகிறது. கிராணி முன்னால் நின்று தன் பெயரைச் சொன்ன எங்கள் தாத்தாவை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

மத்தேயு ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினான்கு, தாவீது முதல் பாபிலோன் வரை பதினான்கு, பாபிலோன் முதல் கிறிஸ்து வரை பதினான்கு என்று கணக்குச் சொல்கிறார். கணக்குச் சரியாக வருவதற்காக யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று அரசர்களை விட்டுவிட்டார். பழைய நாளாகமத்தில் அவர்கள் இருக்கிறார்கள். அப்படி விட்டும், கடைசித் தொகுதியை எண்ணினால் பதின்மூன்று பேர்தான் வருகிறது. மூன்று தடவை எண்ணினேன். பதினான்கு எதற்காக என்றால், எபிரேய எழுத்துக்களுக்கு எண் மதிப்பு உண்டு, தாவீது என்ற பெயரின் எழுத்துக்களைக் கூட்டினால் பதினான்கு வரும் என்கிறார்கள். ஆகவே இது பதிவு அலுவலகத்துப் பேரேடு அல்ல. யாரை நினைவில் வைக்கவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியது.

அப்படி யோசித்தவர் மூன்று அரசர்களைத் தூக்கிவிட்டு, நாலு பெண்களைச் சேர்த்திருக்கிறார். மாமனாரிடமே வேசி வேடத்தில் போய்த் தன் உரிமையை வாங்கிய தாமார். எரிக்கோவின் விலைமகள் இராகாபு. மோவாபிலிருந்து வந்த பிழைக்க வழியில்லாத விதவை ரூத்து. கடைசிப் பெண்ணுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை, உரியாவின் மனைவி என்றே எழுதுகிறார். தாவீது செய்த பாவத்தை அவன் வம்சத்தில் வந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலேயே எழுதி வைத்த மாதிரி. நம்மில் எத்தனை குடும்பத்துக்கு அந்தத் தைரியம் இருக்கிறது? கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெரியப்பா பெயரை விடுவதா சேர்ப்பதா என்று இரண்டு வாரம் சண்டை போடுகிறவர்கள் நாம்.

எங்கள் அப்பா வழி இந்து. குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலில்தான் எனக்கு முதல் முடி இறக்கியது. அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது கோத்திரம் கேட்டால் அப்பா "சிவ கோத்திரம்" என்பார். தெரியாதவர்களுக்கு எல்லாம் அதுதானே கோத்திரம். அந்தப் பக்கத்துச் சாஸ்திரத்திலும் வம்சாவளிக்குக் குறைவில்லை. புராணத்துக்கு ஐந்து இலட்சணம் சொல்வார்கள், அதில் இரண்டு வம்சமும் வம்சானுசரிதமும். வால்மீகி ராமாயணத்தில் கல்யாணத்துக்கு முன்னால் வசிஷ்டர் மாப்பிள்ளை வீட்டுத் தலைமுறைகளைப் பிரம்மாவிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறார். பெண் கொடுக்கிறவனும் தன் குலத்தைச் சொல்லவேண்டும் என்று ஜனகன் தன்னுடைய முன்னோர்களை வரிசையாகச் சொல்கிறான். கம்பன் இதற்குக் குலமுறை கிளத்து படலம் என்று தனியாக ஒரு படலமே வைத்தான். அங்கே சொல்கிறவர் விசுவாமித்திரர். இவ்வளவு பட்டியலுக்கும் பிறகு மணவறையில் உட்காரப்போகும் பெண் யார்? உழும்போது ஏர்ச்சாலில் கிடைத்தவள். ஜனகன் பெற்ற மகள் அல்ல. அவன் சொன்ன அத்தனை பெயரும் அந்தக் கண்டெடுத்த பிள்ளைக்கு உரிமையாகிறது. யாரும் எழுந்து கேள்வி கேட்கவில்லை.

சாந்தோக்கிய உபநிடதத்தில் சத்தியகாமன் கதை இன்னும் நேரடி. குருவிடம் படிக்கப் போகிற பையன் தாயிடம் கோத்திரம் கேட்கிறான். பல இடத்தில் வேலை செய்து உன்னைப் பெற்றேன், உன் கோத்திரம் எனக்குத் தெரியாது, என் பெயர் ஜபாலை, நீ சத்தியகாம ஜாபாலன் என்று சொல் என்கிறாள். அவன் அதை அப்படியே போய்ச் சொல்கிறான். குரு ஏற்றுக்கொள்கிறார்.

காப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பணமாற்றுக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். அவர் உடனே மறுத்தார். "பெத்தவர் பேரை மறைக்கக் கூடாது பாய், அது பிள்ளையோட உரிமை" என்றார். (நான் இந்து கிறிஸ்தவக் கலப்பு, அவருக்கு நானும் பாய்தான்.) குர்ஆனின் முப்பத்து மூன்றாம் அத்தியாயம், ஐந்தாம் வசனம். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையர் பெயரால் அழையுங்கள் என்பது கட்டளை. நபிகள் நாயகம் வளர்த்த ஸைது, அதுவரை முகம்மதின் மகன் என்று அழைக்கப்பட்டவர், மறுபடியும் ஹாரிஸாவின் மகன் ஆனார். தந்தை யார் என்று தெரியாவிட்டால்? அதே வசனம் அவர்களை மார்க்கச் சகோதரர்கள் என்கிறது என்றார் நண்பர். அவர் சொன்னது எனக்குள் வேலை செய்தது. தாத்தா மேல் இருந்த பாசத்தில், சயாமுக்குப் போனவரை நான் கிட்டத்தட்ட மறந்தே இருந்தேன். அவருக்குக் கல்லறை கிடையாது. அந்த லத்தீன் பதிவேட்டுக்கு வெளியே அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

வம்சாவளி என்றாலே எனக்கு ஒரு பயமும் உண்டு. திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் முடிவில்லாத வம்ச அட்டவணைகளில் நேரத்தைச் செலவிடாதே என்ற எச்சரிக்கை இருக்கிறது. காரணம் இல்லாமலா? இந்த ஞாயிறு மலரிலிருந்து நாலு பக்கம் தள்ளி மணமகள் தேவை பகுதியைப் பாருங்கள். கப்பல் ஏறும்போது கடலில் போட்டுவிட்டு வந்தோம் என்று நாம் சொல்லிக்கொள்வது அங்கே கட்டம் கட்டி வந்திருக்கும். ராஜ வம்சம் தேடுகிற ஆசையும் எல்லோருக்கும் உண்டு. மலாய் அரசர்களின் சுலாலாத்துஸ் சலாத்தின் என்ற நூலில்கூட முன்னோர் வரிசையில் இஸ்கந்தர் சுல்கர்னைனும் வருகிறார், சோழனை ஞாபகப்படுத்தும் ராஜா சூலானும் வருகிறார். கன்னோன் சதுக்கத்தில் 1906-இல் கட்டி முடித்த கூ கொங்சிக்குப் போனால் சீனர்கள் முன்னோர் பலகைகளை எப்படிப் போற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொறாமையாக இருக்கும். பழைய சீனக் குலப் பதிவேடுகளில் மகள்களுக்கு அநேகமாக இடம் இருந்ததில்லை என்பது தெரிந்த பிறகு பொறாமை கொஞ்சம் குறைந்தது.

எனக்கு நெருக்கமாகப் பட்ட பட்டியல் எஸ்ராவின் இரண்டாம் அதிகாரம். பாபிலோனில் அடிமைப்பட்டிருந்தவர்கள் எருசலேமுக்குத் திரும்புகிறார்கள். யார் யார், எத்தனை பேர் என்று ஊர் ஊராகக் கணக்கு. மொத்தம் 42,360 பேர். குதிரை 736, ஒட்டகம் 435, கழுதை 6,720. கழுதையைக்கூட விடவில்லை! இப்படிப் போய்க்கொண்டே இருக்கும்போது ஓரிடத்தில் 652 பேர் வருகிறார்கள். தங்கள் தகப்பன் வீட்டையும் வம்சத்தையும், தாங்கள் இஸ்ரவேலர்தான் என்பதையும் காட்ட முடியாதவர்கள் இவர்கள் என்று எழுதியிருக்கிறது. அடுத்து சில குருக்கள் குடும்பங்கள். வம்ச ஏட்டில் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. அவர்களில் ஒரு குடும்பத்தின் முன்னோர் பர்சிலாய் வீட்டில் பெண் எடுத்து, பெண் வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டவர். வீட்டோடு மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் பெயர் இல்லாததால் குருத்துவப் பணியிலிருந்து தள்ளி வைக்கப்படுகிறார்கள்.

இதைப் படித்தபோது அம்மாச்சியின் சிவப்பு அடையாளக் கார்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. 1920-களில், ஏழு வயதில், தாய் தகப்பனோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் வைத்திருந்துதான் வெளியே விட்டார்களாம். தலையில் தெளித்த மருந்து வாடை கடைசி வரை ஞாபகம் இருந்தது அவருக்கு. பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லை, வந்த தேதிக்குக் காகிதம் இல்லை. சுதந்திரம் வந்தபோது மனுப் போடச் சொன்னார்கள். யார் சொன்னார்கள், எங்கே போவது, பாரத்தை யார் நிரப்புவது என்று தெரியாமலே வருடங்கள் போய்விட்டன. பிறகு போனபோது எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, அத்தாட்சி எங்கே? இந்த மண்ணில் அறுபது வருடத்துக்குமேல் பால்மரம் வெட்டி, நிரந்தரக் குடிவாசியாகவே 1994-இல் செத்துப்போனார். தேர்தல் அன்றைக்கு வீட்டில் எல்லோரும் ஓட்டுப் போடப் போவோம். அவர் மட்டும் வீட்டில் இருந்து கோழிக் குழம்பு வைப்பார். திரும்பி வந்ததும் ஒவ்வொருவர் விரலையும் பிடித்துப் பார்ப்பார், ஏதாவது அடையாளம் வைத்தார்களா என்று. அந்தக் காலத்தில் நம் நாட்டில் மை வைக்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் பார்ப்பார்.

எஸ்ராவின் பட்டியலை எழுதியவர் அந்த 652 பேரை விட்டிருக்கலாம். காட்ட அத்தாட்சி இல்லாதவர்கள்தானே. அவர் விடவில்லை. அத்தாட்சி இல்லாதவர்கள் என்றே தலைப்புப் போட்டு, அவர்களுடைய குடும்பப் பெயர்களையும் தொகையையும் எழுதிவிட்டார். இதே பட்டியல் நெகேமியா நூலிலும் வருகிறது. அங்கே 642 என்று இருக்கிறது. பத்துப் பேர் நடுவில் எங்கே போனார்கள்? படியெடுத்தவர் கை தவறியிருக்கும். எங்கள் தாத்தா பெயரில் ஓர் எழுத்து போன மாதிரி.

ஒவ்வொரு வருடமும் ஜூலை 26-ஐ ஒட்டிப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போவோம். பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தமிழர், சீனர், கிறிஸ்தவர், இந்து, பௌத்தர் என்று பாதி மலேசியாவே அங்கே மெழுகுவத்தியோடு நிற்கும். 2019-இல் அதைப் பசிலிக்காவாகவும் உயர்த்தினார்கள். அன்னாள் மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. இந்தத் தடவை பட்டியல்களை எண்ணும்போதுதான் உறைத்தது. மத்தேயுவிலும் அவர் பெயர் இல்லை, லூக்காவிலும் இல்லை, விவிலியத்தில் எங்கேயுமே இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு விவிலியத்தில் சேராமல் போன ஒரு நூலிலிருந்துதான் அந்தப் பெயர் நமக்குக் கிடைக்கிறது. இரண்டு தாத்தாக்களைப் பற்றி இவ்வளவு வாதம் நடக்கிறது. பாட்டியை ஏட்டில் விட்டுவிட்டார்கள். ஜனங்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தப் பாட்டியைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

மணிலா கார்டுக்கு வருகிறேன். அன்றைக்கு அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரையும் எழுது."

"கட்டம் ஒண்ணுதான் இருக்கு, பாட்டி. பேனாவுல போட்டுட்டேன்."

"நடுவுல ஒரு கோடு போடு. மேல சயாமுக்குப் போனவரு, கீழ வளர்த்தவரு. அம்மாச்சி கட்டத்தைப் பக்கத்துலயே பெருசா போடு. அவுங்க ரெண்டு பேருக்கும் சமைச்சவங்க."

பெயர்களை அம்மா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அப்பா வழியில் இரண்டு பெயர் ஈப்போவில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டதில் கிடைத்தது. இன்னும் இரண்டு கட்டம் காலி. அதில் என்ன எழுதுவது என்று கேட்டாள். தெரியாது என்று எழுது என்றேன். பென்சிலால் எழுதினாள், தெரிந்தால் அழித்துவிட்டு எழுதலாம் என்று.

போன வாரம் அட்டை திரும்பி வந்தது. கோடு போட்ட கட்டத்துக்குப் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். வகுப்பில் எழுந்து விளக்கச் சொன்னாராம். "எங்க கொள்ளுத் தாத்தா ரெண்டு பேரு டீச்சர். ஒருத்தர் சயாமுல இருந்து வரல. ஒருத்தர் வந்தாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

அம்மா அந்தக் கட்டத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசித்தார். மேல் பெயரைத் தாண்டிக் கீழ்ப் பெயருக்கு வந்தார். விரலை வைத்து எழுத்துக்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

"இதுல சரியா இருக்கு" என்றார்.